மெயில் சர்வர் வைக்கப் போகிறீர்களா? ஐபிக்கு முதலில் பெயர் வாங்குங்கள்

முசரவாக்கத்திலிருந்து தினமும் காஞ்சிபுரத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் இப்போது பட்டுக்கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறார்கள். பில் போடும் மென்பொருள், சிசிடிவி, இணையதளம், கூடவே கடையின் மெயில். முதல் மூன்றையும் கையோடு கற்றுக்கொண்டு விடுகிறார்கள். மெயிலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் கல்யாணம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அனுப்பிய விலைப்பட்டியல் திரும்பி வந்துவிடும். "சர்வர் நல்லாத்தான் சார் ஓடுது" என்று போன் வரும். ஓடும்தான், அதில் சந்தேகமில்லை. அந்த சர்வரின் ஐபி எண்ணுக்குப் பெயர் இருக்காது, இல்லையென்றால் தப்பான பெயர் இருக்கும். வயதான காலத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. திரும்பி வந்த மெயிலைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

"மெயில் பவுன்ஸ் ஆகுது" என்பது எனக்கு ஒரு தகவலே இல்லை. என்ன எண்ணோடு பவுன்ஸ் ஆனது என்று சொல்லுங்கள். எண் 5ல் தொடங்கினால் எதிர் சர்வர் முடிவாக மறுத்துவிட்டது. 4ல் தொடங்கினால் இப்போதைக்கு மறுத்திருக்கிறது, பிறகு முயலலாம். ஐபியிலிருந்து பெயரைத் தேடுவதற்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் என்று பெயர். அந்தக் கோளாறுக்கென்றே 5.7.25 என்ற எண்ணை 2014ல் ஆர்எஃப்சி 7372 என்ற இணையத் தர ஆவணம் ஒதுக்கியது. ஜிமெயில் அதைத்தான் திருப்பி அனுப்புகிறது. அனுப்பிய ஐபிக்குப் பெயர் சொல்லும் பிடிஆர் ரெக்கார்ட் இல்லை, அல்லது அதில் இருக்கும் பெயரைத் தேடினால் அந்த ஐபி வரவில்லை என்று அதன் கீழேயே எழுதியிருக்கும். எதிர்ப்பக்கம் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் ஓடினால், உன் ஹோஸ்ட்நேமைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பொருளில் ஒரு வாசகம் வரும். 5.7.26 வந்திருந்தால் அது வேறு கோளாறு. அனுப்பியவரைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பக்கம் போய்ப் பாருங்கள், இங்கே நேரத்தை வீணாக்காதீர்கள்.

உண்மையில் ஆபத்தானது 4ல் தொடங்கும் பதில்தான். பெயர் கிடைக்காத ஐபிக்குப் போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாகச் சொல்வது 450. உடனே உங்கள் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். அதுவும் போஸ்ட்ஃபிக்ஸாக இருந்து, அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால் ஐந்து நாள் வரை முயலும், அதுவரை அனுப்பியவருக்கு ஒரு எச்சரிக்கைகூட வராது. ஆறாம் நாள் முதலாளி பவுன்ஸைத் திறந்து பார்க்கும்போது அந்தக் குடும்பம் வேறு கடையில் முகூர்த்தப் புடவை எடுத்து முடித்திருக்கும். தினமும் காலையில் மெயில் வரிசையைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

2. மெயில் எந்த ஐபியிலிருந்து வெளியே போகிறது என்று நிச்சயப்படுத்துங்கள்.

சர்வரில் நீங்கள் பார்க்கும் 192.168 என்று தொடங்கும் எண்ணை வெளியுலகம் பார்ப்பதில்லை. ரூட்டரைத் தாண்டும்போது எண் மாறிவிடுகிறது. பவுன்ஸிலேயே பெரும்பாலும் ஐபி இருக்கும். இல்லையென்றால் வெளியே உள்ள உங்கள் சொந்த முகவரி ஒன்றுக்கு மெயில் அனுப்பி, அதன் ஹெட்டரில் ரிசீவ்ட் வரிகளைப் பாருங்கள்.

காந்தி ரோடு கடைகளில் இரண்டு இணைய இணைப்பு வைத்திருப்பது சகஜம். ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும்படி ரூட்டரில் அமைத்திருப்பார்கள். சில ரூட்டர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். ஒரு ஐபிக்குப் பெயர் இருக்கும், மற்றதற்கு இருக்காது. அப்போது சில மெயில் போகும், சில மெயில் திரும்பும். "எப்பவாவதுதான் சார் வருது" என்ற புகாரைக் கேட்டதும் நான் முதலில் கேட்பது, கடையில் எத்தனை இணைப்பு என்றுதான். மெயில் சர்வரின் 25ஆம் போர்ட் போக்குவரத்தை ஒரே இணைப்பில் கட்டிவிடுங்கள்.

ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் இணைப்பில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கே மெயில் சர்வரை நினைத்தே பார்க்காதீர்கள்.

3. அந்தப் பெயர் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். டொமைன் விற்ற நிறுவனத்தின் பேனலுக்குள் போய், அங்கே பிடிஆர் என்று ஒரு வகை இருப்பதைப் பார்த்து, அதில் ஐபியையும் பெயரையும் போட்டுச் சேமிப்பார்கள். பேனலும் பச்சை டிக் காட்டும். அதனால் எந்தப் பயனும் இல்லை. அந்த இடத்துக்கு யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

பெயரிலிருந்து ஐபியைத் தேடும்போது கேள்வி டொமைன் உரிமையாளரிடம் போகிறது. ஐபியிலிருந்து பெயரைத் தேடும்போது கேள்வி ஐபியின் உரிமையாளரிடம் போகிறது. சொந்த வீட்டு வாசலில் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். பட்டாவில் பெயர் மாற்ற வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸ்தான் மாற்றித் தர வேண்டும். பெயருக்கு ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்ட் அந்தப் பலகை, ஐபிக்குப் பெயரைச் சொல்லும் பிடிஆர் அந்தப் பட்டா.

வேலை நடக்கும் விதம் இது. 203.0.113.25 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியில் உள்ள எண் இது, எந்தக் கடையுடையதும் அல்ல. தேடுகிற சர்வர் இதைத் தலைகீழாகத் திருப்பி, 25.113.0.203 என்று எழுதி, பின்னால் இன்-ஆடர்.ஆர்ப்பா என்று சேர்த்து ஒரு பெயராக்கிக் கேட்கும். 1987ல் பால் மொகபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 1035லேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. திருப்பிப் போடுவதற்குக் காரணம் உண்டு. டொமைன் பெயரில் பெரிய அதிகாரம் வலது கோடியில் இருக்கும், ஐபியில் பெரிய பகுதி இடது கோடியில் இருக்கும். திருப்பினால்தான் அதிகாரத்தைப் படிப்படியாகக் கீழே பிரித்துக் கொடுக்க முடியும்.

அப்படிப் பிரித்துக் கொடுக்கும் வரிசை: உலக அளவில் ஐஏஎன்ஏ, ஆசிய பசிபிக் பகுதிக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக், இந்தியாவில் நிக்ஸி நடத்தும் ஐரின், அதற்குக் கீழே உங்கள் இணைய நிறுவனம். நிறுவனங்கள் ஏப்னிக்கிடமிருந்தோ ஐரினிடமிருந்தோ தொகுதி தொகுதியாக எண் வாங்கி, அவற்றின் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸைத் தங்கள் நேம் சர்வரில் வைத்திருக்கின்றன. அங்கே எழுதப்பட்டதுதான் செல்லும். ஐபியை, அதன் உரிமையாளரைக் காட்டும் ஹூயிஸில் போட்டுப் பாருங்கள். யார் பெயர் வருகிறதோ அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். நிறைய ஐபி வாங்கிய பெரிய வாடிக்கையாளருக்கு அந்தத் துண்டின் அதிகாரத்தையே பிரித்துக் கொடுக்கும் முறையும் உண்டு. 256க்கும் குறைவான எண்கள் உள்ள துண்டுக்கு அதை எப்படிச் செய்வது என்று 1998ல் ஆர்எஃப்சி 2317 வழி சொன்னது. ஒரு ஐபி, இரண்டு ஐபி வைத்திருக்கும் கடைக்கு அது தேவையில்லை. மனு கொடுத்தால் போதும்.

4. மனுவைத் தெளிவாக எழுதுங்கள், சரியான மேசைக்கு அனுப்புங்கள்.

"நெட் ஸ்லோ" புகார் வாங்கும் உதவி எண்ணில் ரிவர்ஸ் டிஎன்எஸ் என்று சொன்னால், மோடத்தை அணைத்துவிட்டுப் போடச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைமேல் கோபப்படாதீர்கள், அவருக்குக் கொடுத்த தாளில் அது இல்லை. லீஸ்டு லைன் அல்லது நிறுவன இணைப்புகளைப் பார்க்கும் பிரிவின் மெயில் முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

மனுவில் நான்கு விஷயம் போதும். இணைப்பின் கணக்கு எண், ஐபி, அதற்கு வைக்க வேண்டிய முழுப் பெயர், இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவருடைய ஒப்புதல். "எங்கள் இணைப்பின் நிலையான ஐபி 203.0.113.25க்கு மெயில்.பட்டுக்கடை.இன் என்று பிடிஆர் ரெக்கார்ட் வைத்துத் தரவும். அந்தப் பெயருக்கான ஏ ரெக்கார்ட் இதே ஐபியை ஏற்கெனவே காட்டுகிறது." இவ்வளவுதான். எஸ்பிஎஃப் பற்றியும் ஸ்பேம் பற்றியும் அதில் கதை எழுதினால், படிப்பவர் குழம்பி வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்.

ஐபி மாறிக்கொண்டே இருக்கும் சாதாரண பிராட்பேண்டுக்குப் பிடிஆர் கேட்பதில் அர்த்தம் இல்லை. நிலையான ஐபி உள்ள திட்டத்துக்கு மாறிவிட்டுக் கேளுங்கள். கிளவுடில் சர்வர் எடுத்திருந்தால் நிலைமை சுலபம். பல நிறுவனங்கள் தங்கள் பேனலிலேயே இதை எழுத விடுகின்றன. டிஜிட்டல் ஓஷனில் சர்வருக்கு நீங்கள் வைக்கும் பெயரே பிடிஆர் ஆகிவிடும். அங்கே 'டெஸ்ட்1' என்று பெயர் வைத்துவிட்டு மெயில் போகவில்லை என்று அழுபவர்கள் உண்டு.

5. போன வழியே திரும்பி வர வேண்டும்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஐபியைக் கேட்டால் பெயர் வர வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி வர வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் நம்புவார்கள். ஏனென்றால் ஐபி வைத்திருப்பவன் தன் பிடிஆரில் பெரிய வங்கியின் பெயரைக்கூட எழுதிக்கொள்ளலாம், தடுக்க யாரும் இல்லை. ஆனால் வங்கியின் டொமைனுக்குள் போய் தன் ஐபியை எழுத அவனால் முடியாது. 1996லேயே ஆர்எஃப்சி 1912 இரண்டும் பொருந்தட்டும் என்று சொல்லியிருக்கிறது.

அதனால் முதலில் ஏ ரெக்கார்டைப் போடுங்கள், பிறகு பிடிஆருக்கு மனு கொடுங்கள். வரிசை மாறினால் நடுவில் சில மணி நேரம், பிடிஆர் காட்டும் பெயரைத் தேடினால் எந்த ஐபியும் வராது.

மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு. சர்வர் பேச்சைத் தொடங்கும்போது ஹெலோ என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பெயர். ஹெலோவில் சொன்ன பெயர் ஐபியோடு பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மெயிலை மறுக்கக் கூடாது என்று ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. நடைமுறையில் அதற்கும் மதிப்பெண் குறைக்கும் ஃபில்டர்கள் இருக்கின்றன. ஹெலோவில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று சொல்லிக்கொண்டு போகும் சர்வரை யார் மதிப்பார்கள்? மூன்று இடத்திலும் ஒரே பெயரை வையுங்கள்.

6. பத்துக் கடைக்குப் பத்துப் பெயர் கேட்காதீர்கள்.

ஒரே சர்வரில் பல கடைகளின் மெயிலை வைத்திருக்கும் தம்பிகளுக்கு இது. ஒவ்வொரு கடையின் டொமைனுக்கும் ஒரு பிடிஆர் வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. பிடிஆர் சர்வரின் பெயரைச் சொல்கிறது. கடிதம் எழுதிய கடையின் பெயரை அது சொல்ல வேண்டியதில்லை. ஜிமெயிலில் எத்தனையோ நிறுவனங்களின் மெயில் கூகுளின் பெயருள்ள சர்வர்களிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு ஐபி, ஒரு பெயர். ஒரே ஐபிக்குப் பல பிடிஆர் வைத்தால் ஒவ்வொரு முறையும் எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது. பிறகு கோளாறைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தலைமுடி நரைத்துவிடும்.

நிறுவனம் தானாக வைத்திருக்கும் பெயரையும் அப்படியே விடாதீர்கள். ஐபியின் நான்கு எண்களையும் கோடு போட்டுச் சேர்த்து, பின்னால் 'டைனமிக்' என்றோ 'பூல்' என்றோ ஒட்டிய பெயரைப் பார்த்தாலே வீட்டு இணைப்பு என்று ஃபில்டர் முடிவு கட்டும். ஸ்பேம்அசாசின் என்ற ஃபில்டரில் பெயரே இல்லாத ஐபிக்கு ஒரு விதி, இப்படிப்பட்ட பெயருக்கு இன்னொரு விதி என்று தனித்தனியாக இருக்கிறது.

7. வெளியிலிருந்து சோதியுங்கள்.

டிஎன்எஸ்ஸில் தேடும் டிக் (dig) கட்டளையில் எக்ஸ் குறியோடு (-x) ஐபியைக் கொடுங்கள். வந்த பெயரை எக்ஸ் இல்லாமல் மறுபடி டிக்கில் கொடுங்கள். அதே ஐபி வந்தால் சரி. கடைக்குள் இருந்து மட்டும் பார்க்காதீர்கள், உள்ளூர் நேம் சர்வர் உங்களுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். 8.8.8.8 போன்ற பொதுச் சர்வரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பதிலின் வகையைக் கவனியுங்கள். 'என்எக்ஸ்டொமைன்' என்றால் பெயர் வைக்கப்படவே இல்லை, மனு கொடுங்கள். 'சர்வ்ஃபெயில்' என்றால் அந்த எண் தொகுதிக்குப் பொறுப்பான நேம் சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை; அது உங்கள் மனுவால் தீராது, நிறுவனத்தின் சர்வரையே சரிபார்க்கச் சொல்ல வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் தப்பான ஆளிடம் மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வைத்துவிட்டோம் என்று பதில் வந்த உடனே தெரியவில்லையா, கொஞ்சம் பொறுங்கள். பெயர் இல்லை என்ற பழைய பதிலையும் சர்வர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும்.

8. ஐபிவி6ஐ மறக்காதீர்கள்.

கிளவுட் சர்வர் பலவும் கேட்காமலே ஐபிவி6 முகவரியோடு வருகின்றன. நீங்கள் நான்காம் பதிப்பு ஐபிக்கு எல்லாவற்றையும் செய்துவைத்திருப்பீர்கள். சர்வர் ஜிமெயிலுக்குப் போகும்போது ஆறாம் பதிப்பு வழியாகப் போகும். அங்கே பெயர் இல்லை. மறுபடி 5.7.25. பவுன்ஸில் உள்ள ஐபியில் முக்காற்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கும் பிடிஆர் வையுங்கள். முடியாவிட்டால் மெயிலை மட்டும் ஐபிவி4 வழியாக அனுப்பச் சொல்லுங்கள், போஸ்ட்ஃபிக்ஸில் அது ஒரே வரி.

9. பெயர் கிடைத்தால் கதவு திறக்கும், உள்ளே உட்கார வைப்பார்கள் என்று நினைக்காதீர்கள்.

1982ல் ஜான் போஸ்டல் எஸ்எம்டிபி எழுதியபோது யார் வந்து கொடுத்தாலும் வாங்கிக்கொள் என்பதுதான் வழக்கம். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோதும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. ஸ்பேம்தான் இந்தப் பூட்டுகளையெல்லாம் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் இரு வழியும் பொருந்தும் டிஎன்எஸ் கட்டாயம். எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது வேண்டும். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்பவர் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. யாஹூவும் அதே சமயத்தில் இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது.

ஸ்பேம் தடுப்புப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பேம்ஹவுஸின் பிபிஎல் பட்டியலில் உங்கள் ஐபி இருந்தால் பதற வேண்டாம். குற்றம் செய்தவர்கள் பட்டியல் அல்ல அது. நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத வீட்டு இணைப்புகளின் பட்டியல். நிலையான ஐபியும் ஒழுங்கான பிடிஆரும் இருந்தால் அதிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

தீபாவளித் தள்ளுபடி என்று எங்கோ விலைக்கு வாங்கிய முகவரிகளுக்கெல்லாம் அனுப்பச் சொல்லும் முதலாளியிடம் முடியாது என்று சொல்லுங்கள். பிடிஆரால் அதைக் காப்பாற்ற முடியாது.

10. முடிந்தால் நேரடியாக அனுப்பவே அனுப்பாதீர்கள்.

சர்வர் வைக்கச் சொல்லிக்கொடுக்க வந்தவனே இப்படிச் சொல்கிறானே என்று நினைக்கலாம். நாலைந்து பேர் மெயில் பார்க்கும் கடைக்கு, வெளியே போகும் மெயிலை ஒரு நல்ல ரிலே சேவையின் 587ஆம் போர்ட் வழியாக அனுப்புவதே புத்திசாலித்தனம். அப்போது எதிர்ப்பக்கம் பார்ப்பது ரிலேயின் ஐபியை. அதன் பிடிஆர் அவர்கள் பொறுப்பு. எஸ்பிஎஃப் ரெக்கார்டில் அந்த ரிலேயைச் சேர்க்க மட்டும் மறக்காதீர்கள். கூகுள் கிளவுடில் வெளியே போகும் 25ஆம் போர்ட் இயல்பாகவே மூடியிருக்கும். அமேசானில் மனு கொடுத்துத் திறக்கச் சொல்ல வேண்டும், அந்தப் படிவத்திலேயே ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் கேட்கலாம்.

11. நீங்கள் வாங்கும் பக்கம் இருந்தால் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸில் பெயரே இல்லாத ஐபியை மட்டும் மறுக்கும் விதி ஒன்று உண்டு. இரு வழியும் பொருந்தாவிட்டால் மறுக்கும் கடுமையான விதி இன்னொன்று உண்டு. இரண்டாவதைப் போட்டால் ஸ்பேம் குறையும். கூடவே ஜரிகை சப்ளை செய்பவரின் பில்லும், சின்ன ஏற்றுமதி ஏஜென்ட்டின் கடிதமும் நின்றுபோகும். அவர்களிடமும் உங்களைப் போல் ஒரு தம்பிதான் சர்வர் பார்க்கிறார். முதல் விதியோடு நிறுத்துங்கள். எதைப் போட்டாலும், மறுக்காமல் லாகில் மட்டும் எழுதிக்காட்டும் முறையில் ஒரு வாரம் ஓடவிட்டு, யார் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். நல்லவர் ஒருவர் மாட்டினால் போன் செய்து சொல்லுங்கள். அவருடைய மெயில் வேறு பல இடத்திலும் திரும்பிக்கொண்டுதான் இருக்கும்.

12. எழுதி வையுங்கள்.

எந்த ஐபி, எந்தப் பெயர், யாரிடம் மனு, எந்தத் தேதியில் பதில் வந்தது என்று கடையின் நோட்டில் இருக்கட்டும். உங்கள் போனில் மட்டும் இருந்தால் நீங்கள் வேலை மாறும் நாளில் அந்தத் தகவலும் போய்விடும்.

இணைய நிறுவனத்தை மாற்றும்போது ஐபி மாறும், அதோடு பிடிஆரும் போய்விடும். புது இணைப்புக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, பிடிஆர் வைத்துத் தருவீர்களா, எத்தனை நாளாகும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். புது ஐபிக்குப் பெயர் வந்து, இரு வழியும் சோதித்துப் பார்த்த பிறகுதான் பழைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆவணியிலும் தையிலும் கல்யாண ஆர்டர் குவியும் நேரத்தில் இந்த மாற்றத்தைத் தயவுசெய்து வைத்துக்கொள்ளாதீர்கள், ஆடியில் செய்யுங்கள்.